நாலு கலர் அட்டை

உட்காருங்க தம்பி. கரண்ட் போயிருச்சு. டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் போனா நம்ம லைன்மேன் டீ குடிச்சு, பேப்பர் படிச்சு, அதுக்கப்புறம்தான் ஏணியை எடுப்பான். அரை மணி நேரம் ஆகும். வேற ஜெராக்ஸ் கடை இருக்கான்னு பாக்காதீங்க, இந்தத் தெரு முழுக்க ஒரே லைன்தான்.

உங்க சர்டிபிகேட்டைப் பாத்தேன். தப்பா நினைக்காதீங்க, ஜெராக்ஸ் போடறவன் கண்ணை மூடிக்கிட்டா போட முடியும்? எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். எதிர்த்த காலேஜுல கௌரவ விரிவுரையாளர் வேலைக்கு மனு. சரிதானே? அப்ப சார்னே கூப்பிடுறேன். இந்த அரை மணி நேரம் உங்களுக்கு வீணாப் போகாது சார். அந்த வேலை எப்படிக் காலியாச்சுன்னு நான் சொல்றேன். காலேஜுக்குள்ள யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க.

முதல்ல புண்ணியகோடி சாரைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. அவர்தான் பிசிக்ஸ் துறைத் தலைவர். நான் அவர்கிட்ட படிச்சவன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ், முதல் வருஷ பேப்பர்ல எண்பத்திரெண்டு மார்க். அவர் பாடம் எடுத்தா எப்படித் தெரியுமா? வருவார், நாற்காலியில உட்காருவார், நோட்டைத் திறப்பார், சொல்ல ஆரம்பிப்பார். கமா எங்க, முற்றுப்புள்ளி எங்க, அதையும் சொல்வார். அறுபது பேரும் தலை நிமிராம எழுதுவோம். மணி அடிச்சா பாதி வார்த்தையில நிறுத்துவார், மறுநாள் மீதிப் பாதியில ஆரம்பிப்பார். அது பாடம்.

அந்த நோட்ஸை முழுசா, ஒரு வார்த்தை விடாம எழுதி வெச்சிருந்தவன் நான் ஒருத்தன்தான். கடை வெச்சப்போ அதையே மாஸ்டர் காப்பியா வெச்சேன். இருபத்திரெண்டு வருஷமா இந்தக் காலேஜுல பிசிக்ஸ்னா என் கையெழுத்துதான் சார். இந்தத் தாலுகாவுல இருக்கற பாதி வாத்தியாருங்க என் கையெழுத்தைப் படிச்சுத்தான் வாத்தியாரானாங்க. சார் எந்த இடத்துல ஜோக் சொல்வாரோ அங்க நான் ஓரத்துல 'சிரிக்கவும்'னு எழுதியிருப்பேன். பசங்க கரெக்டா சிரிப்பாங்க. அவருக்கும் சந்தோஷம்.

இப்படி ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த இடத்துலதான் போன வருஷம் திலகவதின்னு ஒரு பொம்பளை வந்தாங்க. முப்பது வயசு இருக்கும். உங்களை மாதிரியே கௌரவ விரிவுரையாளர். புண்ணியகோடி சாருக்கு ஏதோ கமிட்டி வேலை, அதனால முதல் வருஷ பேப்பரை அவங்ககிட்ட குடுத்துட்டார். எடுத்தவுடனே எங்க வந்தாங்க தெரியுமா? இங்கதான். நாலு கலர்ல அட்டை வேணும், சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், ஒவ்வொண்ணுலயும் அ, ஆ, இ, ஈன்னு போட்டு லேமினேஷன் பண்ணித் தாங்க, அறுபது செட்னு கேட்டாங்க. நானும் ஏதோ பால்வாடிக்கு உதவி பண்றாங்க போலன்னு நினைச்சு, மூலை குத்தாம இருக்க ரவுண்டா வெட்டியெல்லாம் குடுத்தேன். காலேஜுப் பசங்களுக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.

அந்த அட்டையை வெச்சு என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. போர்டுல ஒரு கேள்வி எழுதுவாங்க. நாலு பதில். பசங்க யோசிச்சு ஆளுக்கு ஒரு அட்டையைத் தூக்கணும். தூக்கினதும் எது சரின்னு சொல்லணுமா இல்லையா? சொல்ல மாட்டாங்க. 'பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்க வேற கலர் தூக்கியிருந்தா அவங்ககிட்ட பேசி ஒத்துக்க வைங்க'ன்னுவாங்க. அவ்வளவுதான், அறுபது பேரும் சந்தைக்கடை மாதிரி கத்த ஆரம்பிப்பாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி அட்டை. இதுக்குச் சம்பளம். வாத்தியார் பேசாம நிக்கறது, படிக்க வந்தவன் பாடம் நடத்தறது. நான் இந்தக் கடையில உட்கார்ந்துக்கிட்டு கஸ்டமரைப் பாத்து, நீங்களே ஜெராக்ஸ் போட்டுக்கோங்கன்னா ஒத்துக்குவீங்களா?

நோட்ஸ் வாங்க ஒருத்தரும் வரல. அதோ மேல் தட்டுல இருக்கே, அந்தக் கட்டுதான். வியாபாரத்துக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க. எனக்கு புராஜெக்ட் பைண்டிங் ஒண்ணே போதும்.

ஆனி மாசக் கடைசியில அவங்களே மறுபடி கடைக்கு வந்தாங்க. கையில என் நோட்ஸ். யாரோ சீனியர் பையன் குடுத்திருக்கான். ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க, அதைச் சொல்லணும். "அண்ணா, பக்கம் இருபத்தாறுல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. அது இல்லாம அடுத்த வரி வராது. மாஸ்டர் காப்பியில சேர்த்துட்டீங்கன்னா பசங்களுக்கு உதவியா இருக்கும்"னாங்க.

இருபத்திரெண்டு வருஷம் சார். எத்தனை பேர் அந்தப் பக்கத்தை மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்காங்க. ஒருத்தன் வந்து வரி விட்டுப்போச்சுன்னு சொன்னதில்ல. பரீட்சைப் பேப்பர் திருத்தின புண்ணியகோடி சாரே சொன்னதில்ல. எல்லாருக்கும் புரிஞ்சது இவங்களுக்கு மட்டும் புரியலன்னா குறை எங்க இருக்கு? சேர்க்கறேம்மான்னு சொல்லி அனுப்பினேன். சேர்க்கல.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. என் பொண்ணு இலக்கியா அதே வகுப்புல முதல் வருஷம். தங்கமான பொண்ணு. பன்னெண்டாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துல அவ குரலை எந்த டீச்சரும் கேட்டதில்ல. ஒவ்வொரு மீட்டிங்லயும் 'உங்க பொண்ணு ரொம்ப அமைதி'ன்னு சொல்வாங்க, எனக்குப் பெருமையா இருக்கும். அந்தப் பொண்ணு ஆடி மாசத்துல இருந்து வீட்டுல வாயை மூடல. மேலே எறிஞ்ச பந்து உச்சியில நிக்கற நொடியில அதுமேல விசை உண்டா இல்லையான்னு அவங்க அம்மாவைக் கேக்கறா. அவ தோசை ஊத்துவாளா, பந்தைப் பாப்பாளா? தோசைக் கரண்டியை விட்டுட்டு இவளோட சேர்ந்து அவளும் விசைங்கறா.

ஒருநாள் சாப்பிடும்போது என்னைக் கேட்டா. லாரி ஒண்ணு வேகமா வந்து ஒரு மொபெட்டுல மோதுது. லாரி மொபெட் மேல குடுக்கற விசை அதிகமா, மொபெட் லாரி மேல குடுக்கற விசை அதிகமா? நான் சிரிச்சேன். இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா, லாரிதான்னேன். இல்லப்பா, ரெண்டும் சமம்கறா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. பைபாஸ்ல வாரம் ஒரு ஆக்ஸிடென்ட் பாக்கறோம். லாரிக்காரன் இறங்கி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கறான், மொபெட்காரனைத் துணியில சுத்திக் கொண்டுபோறாங்க. சமமாம். இவ என்னடான்னா, "அப்பா, உங்க நோட்ஸ்ல பக்கம் பதினாலுல இருக்கறதுதானே இது?"ங்கறா. பக்கம் பதினாலு எனக்குத் தெரியாதா? நியூட்டனின் மூன்றாம் விதி. ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமானதும் எதிர்த்திசையில் அமைந்ததுமான எதிர்விசை உண்டு, முற்றுப்புள்ளி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது பரீட்சைக்கு. லாரி ரோட்டுல ஓடறது. ரெண்டையும் போட்டுக் குழப்பறதுக்குப் பேரு படிப்பா?

மறுநாள் நேராக் காலேஜுக்குப் போனேன். வகுப்பு நடந்துக்கிட்டிருந்தது. வாசல்ல நின்னு, என் பொண்ணுக்கு என்ன சொல்லிக் குடுக்கறீங்கன்னு கேக்கணும்னுதான் போனேன். அந்தம்மா என்னைப் பாத்ததும், "வாங்கண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க"ன்னு உள்ளே கூப்பிட்டு, கடைசி பெஞ்சுல உட்கார வெச்சு, நான் வெட்டிக் குடுத்த அட்டையையே என் கையில குடுத்துட்டாங்க. அறுபது பேர் திரும்பிப் பாக்கறாங்க. என்ன பண்றது? லாரி கேள்விதான் போர்டுல இருந்தது. நான் சிவப்பைத் தூக்கினேன். லாரிதான்.

பக்கத்துல ஒரு பொண்ணு. சிவரஞ்சனி. இலக்கியாவோட சிநேகிதி, வீட்டுக்கெல்லாம் வந்திருக்கா. ஒல்லியா இருப்பா, கிராமத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றவ, அவங்க வீட்டுல காலேஜு வாசலை மிதிச்ச முதல் ஆளு. "நான் சொல்றேன் அங்கிள்"னு எழுந்து வந்தா. சக்கரம் வெச்ச ஆபீஸ் நாற்காலி ரெண்டைக் கொண்டுவந்து போட்டாங்க. ஒண்ணுல ஒரு தடிப்பய உட்கார்ந்தான், இன்னொண்ணுல இவ. நடுவுல ரெண்டு ஸ்பிரிங் தராசைக் கொக்கிக்குக் கொக்கி மாட்டி, ஆளுக்கு ஒரு முனை. அவன் இழுத்தான். இவ சும்மா பிடிச்சுக்கிட்டிருந்தா. என்னைப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். ரெண்டு தராசும் ஒரே அளவு காட்டுது. அடுத்து இவ இழுத்தா, அவன் சும்மா இருந்தான். அப்பவும் ஒரே அளவு. ஆனா நகர்ந்தது என்னவோ ரெண்டு தடவையும் இவ நாற்காலிதான், சர்ருன்னு அவன்கிட்ட போயிடுச்சு. அவன் கொஞ்சம் அசைஞ்சதோட சரி.

"அடி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் அங்கிள்"னா அந்தப் பொண்ணு. "லாரி கனமா இருக்கறதால தாங்கிக்குது. சின்னதைத் தூக்கிப் போட்டுருது. தூக்கிப் போட்டதைப் பாத்துட்டு நாம அடியே அதிகம்னு நினைச்சுக்கறோம்."

தராசு சரியில்லன்னேன். பசங்க சிரிச்சாங்க. என் பொண்ணு சிரிக்கல, தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அந்தம்மாவும் சிரிக்கல. "போன வாரம் இந்த வகுப்புல முக்கால்வாசிப் பேர் அண்ணா தூக்கின அட்டையைத்தான் தூக்கினாங்க. இப்ப சிரிக்கறாங்க"ன்னாங்க. ஆறுதலாம். என்னைக் கொண்டுபோய் முதல் வருஷப் பசங்களோட, அதுவும் போன வாரத்துப் பசங்களோட சேர்க்கறாங்க. எண்பத்திரெண்டு மார்க் வாங்கினவன் சார் நான்.

அதுக்கப்புறம்தான் அந்தப் புகார் மனு. புண்ணியகோடி சார் ஒருநாள் டீ குடிக்க வந்தப்போ, வகுப்புல ஒரே சத்தம், பக்கத்து வகுப்புல தமிழ் ஐயாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சுன்னு வருத்தப்பட்டார். நாமா எதுவும் செய்ய முடியாது, பெற்றோர் யாராவது எழுதிக் குடுத்தா முதல்வர் பாப்பார்னார். அவ்வளவுதான் சொன்னார். மத்ததெல்லாம் நான்தான் டைப் அடிச்சேன். சத்தம், பாடம் முடியல, நோட்ஸ் குடுக்கறதில்ல, இப்படி நாலு பாயின்ட். படிச்சுப் பாத்தேன், சப்புன்னு இருந்தது. இதைப் படிச்சு எந்த முதல்வர் எழுந்திரிப்பார்? அதனால அஞ்சாவதா ஒண்ணு சேர்த்தேன். 'மேலும், வகுப்பு நேரத்தில் மாணவர்களும் மாணவிகளும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பி உட்கார்ந்து பேசும்படி வற்புறுத்தப்படுகிறார்கள்.' பொய் இல்லையே சார். ஒரு எழுத்து பொய் இல்ல. அவங்க பண்ணதைத்தான் எழுதினேன்.

கையெழுத்து வாங்கறது கஷ்டமே இல்ல. பஸ் பாஸுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் எல்லாப் பெற்றோரும் இங்கதான் வருவாங்க. அஞ்சாவது பாயின்ட்டைக் காட்டினா உடனே பேனா கேப்பாங்க. நான் போடல. நான் கடைக்காரன், எல்லாருக்கும் பொதுவானவன்.

சிவரஞ்சனியோட அப்பாவும் வந்தார். தேங்காய் லோடு ஏத்தறவர், படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டினேன். அஞ்சாவது வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார்.

"எம் பொண்ணுமா?"ன்னு கேட்டார்.

"வகுப்புன்னா எல்லாரும்தானேங்க"ன்னேன்.

கைநாட்டு வெச்சுட்டு, மையைச் சட்டையிலயே துடைச்சுக்கிட்டுப் போனார். என்ன சொல்லியிருக்கணும்கறீங்க? அந்தப் பொண்ணு பையன்களோட பேசலன்னா? பேசினாளே. நாற்காலி போட்டு நடு வகுப்புல உட்கார்ந்தாளே.

தீபாவளி லீவு முடிஞ்சு காலேஜு திறந்தப்போ டைம்டேபிள்ல திலகவதி பேரு இல்ல. முதல்வர் கூப்பிட்டு விசாரிச்சாராம், இவங்க ஏதோ புள்ளிவிவரமெல்லாம் எடுத்துக் காட்டினாங்களாம், ஜூன்ல இத்தனை பேர் சரியாச் சொன்னாங்க, இப்ப இத்தனை பேர் சரியாச் சொல்றாங்கன்னு. அவர் அஞ்சாவது பாயின்ட்டைக் காட்டினாராம். அவங்க எழுந்து வந்துட்டாங்களாம். போற அன்னைக்கு இந்த வழியாத்தான் போனாங்க. என்னைப் பாத்து தலையை ஆட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா ஆட்டியிருப்பாங்களா? எனக்கு என்னவோ தெரியும்னுதான் படுது. அது கிடக்கட்டும்.

புண்ணியகோடி சார் திரும்ப வகுப்பு எடுக்க ஆரம்பிச்சார். இப்ப போய்ப் பாருங்க, அப்படி ஒரு அமைதி. வராண்டாவுல நடந்தா பேனா ஓடற சத்தம் கேக்கும்.

அந்தச் சிவரஞ்சனியைத்தான் வீட்டுல நிறுத்திட்டாங்க. தீபாவளிக்குப் பிறகு வரவே இல்ல. தை மாசம் கல்யாணம், அத்தை பையன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. நல்ல இடம்தான். பத்திரிகை டிசைன் பண்ண அவங்க அப்பா இங்கதான் வந்தார். நான் பிள்ளையார் படமெல்லாம் நல்லதாத் தேடிப் போட்டு, பூ பார்டர் வெச்சு, மறுநாளைக்குத் தள்ளாம அன்னைக்கே முடிச்சுக் குடுத்தேன். அதுக்கு நான் என்ன செய்ய முடியும் சார்? படிப்பை நிறுத்துங்கன்னு மனுவுல எங்கயாவது எழுதியிருக்கேனா? அவர் அப்படி எடுத்துக்கிட்டா அது என் குத்தமா?

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி இலக்கியா ஏதோ அசைன்மென்ட் அடிக்கணும்னு இந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா. நான் இந்தப் பக்கம் பைண்டிங் போட்டுக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம் கீபோர்டு சத்தமே கேக்கல. என்னம்மான்னு திரும்பிப் பாத்தேன். ஸ்கிரீன்ல மனு இருந்தது. பக்கத்துலயே கல்யாணப் பத்திரிகை.

"ரெண்டும் ஒரே ஃபோல்டர்லதான் இருக்குப்பா"ன்னா.

கத்தல, அழல. கம்ப்யூட்டரை ஒழுங்கா ஆஃப் பண்ணிட்டு, சேரை உள்ளே தள்ளிட்டுப் போனா. கல்யாணத்துக்குத் தனியா பஸ் ஏறிப் போயிட்டு வந்தா. அன்னைக்கு இருந்து என்கிட்ட பேசறதில்ல. சாப்பாடு போடுவா, கடையைப் பாத்துக்குவா, கேட்டதுக்குத் தலையை ஆட்டுவா. முதல் வருஷ ரிசல்ட்ல தொண்ணூத்தி நாலு வாங்கினா, என் நோட்ஸை அப்படியே எழுதி. பக்கம் இருபத்தாறுல விட்டுப்போன வரியையும் விட்டே எழுதியிருக்கா, அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கா. அந்தக் கேள்விக்கு ஃபுல் மார்க் குடுத்திருக்காங்களாம். பாத்தீங்களா, நோட்ஸோட தரம் அது.

அதனால சார், உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். வேலை கிடைச்சா முதல் நாளே இங்க வாங்க, ஒரு செட் எடுத்துட்டுப் போங்க. உட்கார்ந்து சொல்லுங்க, அவங்க எழுதட்டும். யாரும் உங்களைக் கேள்வி கேக்க மாட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க.

வந்துருச்சு பாருங்க கரண்ட். மெஷின் சூடாக ரெண்டு நிமிஷம் ஆகும். இலக்கியாவும் வந்துட்டா, காலேஜு விட்டுருச்சு. நான் சாப்பிடப் போற நேரத்துல அவதான் கடையைப் பாத்துக்குவா. அம்மா, சாருக்கு அஞ்சு செட் போடணும், ஒரிஜினல் மெஷின் மேல இருக்கு. ஆமா, உங்க காலேஜுக்குத்தான் மனு. பிசிக்ஸ்தான். உங்க வகுப்புக்குத்தான் வருவார்னு நினைக்கறேன்.

என்னம்மா?

சார், உங்களைத்தான் கேக்கறா. நீங்க எப்படி நடத்துவீங்கன்னு கேக்கறா.

எட்டு மாசம் ஆச்சு சார், அவ இந்தக் கடையில ஒரு வார்த்தை பேசி. சொல்லுங்க. ஏதாவது சொல்லுங்க சார், நின்னுக்கிட்டிருக்கா. நோட்ஸ்னு மட்டும் சொல்லிடாதீங்க.